‘இடுப்பு வலி’ என்று சொன்னால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் மகளிர் பக்கத்தில் வந்த மருத்துவக் கேள்வி பதிலைப் படித்தேன். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர், நடந்தால் இடுப்பு வலிக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். ‘கர்ப்ப காலத்தில் இது சகஜம், நன்றாக ஓய்வு எடுங்கள்’ என்று இரண்டு வரியில் பதில் முடிந்துவிட்டது. அதே இரண்டு வரியை 2023இல் நானும் பல வாய்களில் இருந்து கேட்டேன். அந்தச் சகோதரி இன்னும் வலியோடு இருப்பார் என்ற நினைப்பு விடாமல் உறுத்துவதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இடம் பார்த்துச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

நான் பவானி வட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. அப்பா குதிரை வளர்ப்பவர். ஆடி மாதம் அந்தியூர் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் சந்தை எங்கள் வீட்டுக்குத் தீபாவளி மாதிரி. சின்ன வயதில் இருந்தே நானும் குதிரை ஏறுகிறேன். இப்போது எங்களிடம் இருப்பது ஒரு கத்தியவாரிப் பெண் குதிரை. காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனியில் ஒன்றையொன்று தொடும். நிறத்தை வைத்துச் செவலை என்றே கூப்பிடுகிறோம். பள்ளி விட்டு வந்ததும் வாய்க்கால் மேட்டில் அதன் மேல் அரை மணி நேரம் போய் வந்தால்தான் எனக்கு அன்றைய பொழுது முழுதாகும்.

கர்ப்பம் உறுதியானதும் ஏறுவதை நிறுத்திவிட்டேன். எவ்வளவு பழகிய குதிரையும் ஒரு பாம்பைக் கண்டால் மிரளும். மேலே இருப்பவள் விழுந்தால் வயிற்றில் அடிபடும். கர்ப்பிணிகள் குதிரை ஏற வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதும் இந்த விழுகிற ஆபத்துக்காகத்தான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஆன்கி வான் கிரன்ஸ்வென் வயிற்றில் பிள்ளையோடு குதிரை ஏறித் தங்கம் வாங்கினார் என்பது எனக்கும் தெரியும். அது அவருடைய முடிவு. என் முடிவு இது, அதில் எனக்கு வருத்தமில்லை.

ஐந்தாம் மாதம், ஆடிச் சந்தைக்கு அப்பாவோடு போயிருந்தேன். கட்டியிருந்த கயிறு ஒன்றைத் தாண்டக் காலைத் தூக்கினேன். அடிவயிற்றுக்குக் கீழே, முன்பக்கம், எலும்புக்குள் யாரோ ஆப்பு வைத்து அடித்தது போல ஒரு வலி. அப்படியே அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ‘என்ன கண்ணு?’ என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சொல்லத் தெரியாததுதான் பெரிய சிக்கல். நம் ஊரில் கர்ப்பிணி ‘இடுப்பு வலிக்குது’ என்றால் பிரசவ வலி என்றுதான் முதலில் நினைப்பார்கள். அது இல்லை என்று தெரிந்ததும், முதுகு வலி என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்கு வலித்த இடத்துக்கு எங்கள் பக்கத்தில் இருக்கிற சொல் ‘கவட்டை’. அதை டாக்டர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாடம் நடத்திப் பிழைக்கிற எனக்கே இப்படி என்றால் மற்றவர்களை நினைத்துப் பாருங்கள். ‘அடிவயிறு வலிக்குதுங்க’ என்றேன். சிறுநீர்ப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். கிருமி எதுவும் இல்லை என்று வந்தது. அடுத்த மாதம் ‘தொடை வலிக்குதுங்க’ என்றேன். கால்சியம் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னார்கள். யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. நான் சொன்னதற்குத்தான் அவர்கள் வைத்தியம் பார்த்தார்கள்.

அதற்குள் வலி எல்லாவற்றிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. டவுன் பஸ்ஸின் முதல் படியில் ஏற முடியவில்லை. நின்றபடி உள்பாவாடைக்குள் ஒரு காலை விட முடியவில்லை. இரவில் புரண்டு படுப்பதற்கு முன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மனதைத் தயார் செய்ய வேண்டும். திரும்பும்போது முன் எலும்பில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பக்கத்தில் படுத்திருந்த வீட்டுக்காரருக்கும் ஒரு நாள் அது கேட்டது. மறுநாளே விடுப்பு போட்டுவிட்டு என்னை ஈரோட்டுக்கு அழைத்துப் போனார்.

அதற்கு முன் ஊர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். ‘பொம்பளப் புள்ள குதிரை ஏறுனா எலும்பு விலகாம என்ன செய்யும்’ என்று உறவில் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து சொன்னார்கள். அம்மா அன்றைக்கு அழுதார். கர்ப்பத்துக்கு மூன்று வருடம் முன்பு குதிரையில் இருந்து இடது பக்கமாக விழுந்து அடிபட்டது உண்மை. இடுப்பில் பழைய அடி இருந்தாலோ, முன்பே முதுகு வலி இருந்தாலோ இந்த வலி வர வாய்ப்பு கூடுதல் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனால் எங்கள் தெருவில் ஜமக்காளம் நெய்கிற தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள், குதிரையைத் தொட்டதுகூட இல்லை. தறிக்குழியில் உட்கார்ந்து இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதிக்கிற வேலை. முதல் பிள்ளையைச் சுமந்தபோது அவளுக்கு இதே இடத்தில் இதே வலி. ‘எல்லாருக்கும் வர்றதுதான்னாங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டு நெய்தேங்க்கா’ என்றாள். இடுப்பெலும்பு மூட்டுகளில் வரும் இந்த வலிக்கு ஆங்கிலத்தில் ‘பெல்விக் கர்டில் பெயின்’ என்று பெயர். ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இது வருகிறது என்று இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளுக்குத் தரும் கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். அந்த ஐந்தில் ஒருவர் எல்லாருமா குதிரை ஏறினார்கள்?

ஈரோட்டில் எங்களைப் பார்த்தவர் ஓர் இயன்முறை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். எங்கே வலி என்று அந்த அம்மா கேட்கவே இல்லை. ‘புரண்டு படுத்தா வலிக்குதா? ஒத்தக் கால்ல நின்னா வலிக்குதா? கார்ல இருந்து இறங்க ஒரு காலை மட்டும் வெளிய வைச்சா?’ என்று கேட்டார். மூன்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மல்லாக்கப் படுக்க வைத்து, இடது காலை முழங்கால் மடக்காமல் ஒரு சாண் உயரம் தூக்கச் சொன்னார். காலில் மூட்டை கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது, தூக்க வரவில்லை. அப்புறம் அவர் என் இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் கையை வைத்து உள்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு, ‘இப்ப தூக்குங்க’ என்றார். கால் தானாகவே மேலே போயிற்று. அதே கால், அதே கட்டில், நடுவில் பத்து விநாடிகூட ஆகவில்லை. ‘உங்க எலும்பு உடையல, விலகி ஓடல. பிடிப்பு குறைஞ்சிருக்கு. பிடிப்பைக் கொடுத்தா கால் வேலை செய்யும்’ என்றார்.

அவர் சொன்னதை என் மாணவர்களுக்குச் சொல்வது போலச் சொல்கிறேன். இடுப்பெலும்பு ஒரு வளையம். பின்னால் முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் முக்கோண எலும்போடு வலமும் இடமும் இரண்டு மூட்டு, முன்னால் அடிவயிற்றுக்குக் கீழே குருத்தெலும்பால் சேர்ந்த ஒரு மூட்டு. முன்னால் இருக்கும் இடைவெளி சாதாரணமாக 4 முதல் 5 மில்லிமீட்டர். பிள்ளை வெளியே வர வழிவிடுவதற்காகக் கர்ப்ப காலத்தில் தசைநார்கள் தளர்ந்து அது இன்னும் 2, 3 மில்லிமீட்டர் கூடும். இது எல்லாப் பெண்ணுக்கும் நடக்கிறது. மூன்று மூட்டும் சமமாக அசையாமல் ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் அசைந்தால் வலி வரும். இடைவெளி எவ்வளவு கூடியது என்பதற்கும் வலி எவ்வளவு என்பதற்கும் நேர்க்கணக்கு இல்லை. குழந்தைக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை. இந்த ஒரு வரியை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் நான் எத்தனை இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்!

அதன் பிறகு செய்ததெல்லாம் சின்னச் சின்ன மாற்றங்கள்தான். ஒருக்களித்துப் படுத்து இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை வைத்தேன். புரளும்போது இரண்டு முழங்காலையும் ஒட்டவைத்துக்கொண்டு உடம்பை ஒரே கட்டையாகத் திருப்பப் பழகினேன். துணி உடுத்துவது உட்கார்ந்துதான். மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினேன். அம்மாயி பழைய பருத்தி வேட்டியை வயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டிருந்தார். பிசியோதெரபிஸ்ட் அதே வேட்டியை நான்காக மடித்து இன்னும் கீழே இறக்கி, தொடை எலும்பு பக்கவாட்டில் தட்டுப்படுகிற இடத்தில் இறுக்கிக் கட்டினார். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அன்று பேருந்து நிலையம் வரை யார் கையையும் பிடிக்காமல் நடந்தேன். பிறகு அதற்கென்றே விற்கும் பெல்ட் வாங்கிக்கொண்டேன். வலி தாங்காத நாளில் மருத்துவரைக் கேட்டுப் பாரசிட்டமால் மட்டும். கடையில் கேட்டு வாங்கும் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் கர்ப்பிணிக்கு ஆகாது, அதிலும் 20 வாரத்துக்கு மேல் குழந்தைக்கே கெடுதல். ரத்தப்போக்கு, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், கால் மரத்துப்போவது, விட்டு விட்டு வயிறு இறுகுவது எது இருந்தாலும் இந்தக் கடிதத்தை ஓரம் வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்த செப்டம்பர் 26ஆம் தேதி, முழங்கால் நடுவே தலையணையோடு படுத்துக்கொண்டு கைபேசியில் செய்தி பார்த்தேன். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் குதிரையேற்ற டிரஸ்ஸாஜ் (குதிரையை நேர்த்தியாக நடக்கவைத்துக் காட்டும் பிரிவு) குழுப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம். குதிரையேற்றத்தில் 41 ஆண்டுக்குப் பிறகு கிடைத்த தங்கம். நால்வர் அணியில் சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங் என்று இரண்டு பெண்கள். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கைபேசியை வாங்கி, முதலில் குதிரையின் கால் வைப்பைப் பார்த்தார், பிறகு அந்தப் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த விதத்தை வெகுநேரம் பார்த்தார். ‘நீயும் ஏறலாங் கண்ணு, உடம்பு தேறட்டும்’ என்றார். கர்ப்பம் தொடங்கியதில் இருந்து வேறு யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

பிரசவத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த வலி ஒன்றுக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. ஆனால் பிரசவ மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களை இரும்புத் தாங்கியில் அகட்டி வைத்தால், தளர்ந்த மூட்டு இன்னும் இழுபடும். பிசியோதெரபிஸ்ட் தையல் டேப்பை எடுத்து, வலிக்காமல் என் முழங்கால்கள் எவ்வளவு விலகும் என்று அளந்தார். 35 சென்டிமீட்டர். அதைத் தாய் சேய் நல அட்டையின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். நம் அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறையில் பெண் துணை ஒருவர் இருக்கலாம் என்பதால் அம்மா உடன் இருந்தார். அட்டையைக் காட்டியதும் பிரசவ அறையில் இருந்த செவிலியர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. என்னை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை அம்மாவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். டிசம்பர் மாதம் மகன் பிறந்தான். அந்தச் செவிலியரை நினைக்காத நாள் இல்லை.

சரி, குதிரைக்கு வருகிறேன். பெரும்பாலோருக்குப் பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்களில், சில மாதங்களில் வலி போய்விடும். சிலருக்கு இழுக்கும். எனக்கு ஆறாவது வாரத்தில் பாதி குறைந்திருந்தது. பன்னிரண்டு வாரம் வரை சேணத்தின் நினைப்பே வேண்டாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டார். குதிரை மேல் உட்காருவது என்பது காலை அகட்டி வைத்து, அந்த முன் மூட்டின் மேல் பாரத்தையும் குலுக்கலையும் வாங்குவது. அதற்கு முன் அடியிடுப்புத் தசை தேற வேண்டும். ‘தும்மினா சொட்டுதா? கீழே கனமா இறங்குற மாதிரி இருக்கா?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். சிறுநீர் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. மூன்று மாதம் தினமும் அந்தத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி செய்தேன், பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம். நின்றது.

அரை மணி நேரம் வலியில்லாமல் நடை, ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது, இரண்டும் வந்த பிறகுதான் அடுத்த கட்டம். எங்கள் ஊர்ச் சரக்கே உதவியது. ஜமக்காளத்தைச் சுருட்டி முக்காலி மேல் கட்டி, அதன் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்தேன். முதலில் ஒரு சுருள், ஐந்து நிமிடம். மறுநாள் காலையில் வலி இல்லை என்றால் அதே அளவு, ஒரு வாரம். பிறகு இரண்டு சுருள். செவலையின் அகலம் வரும் வரை ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

2024 மே மாதக் கடைசியில் ஒரு விடிகாலை. முதல் மூன்று நாள் செவலையைத் தேய்த்துவிட்டதோடு சரி. கட்டுத்தரையில் அது என் கழுத்தருகே மூச்சை விட்டது, கொள்ளு வாசம் அடித்தது. நான்காம் நாள் அப்பா அதைத் தண்ணீர்த் தொட்டியின் ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். தரையில் இருந்து இடது அங்கவடியில் (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) மொத்த உடம்பையும் தொங்கவிட்டு ஏறுவதுதான் அந்த மூட்டுக்கு மிகக் கெட்டது. தொட்டிச் சுவரில் ஏறி நின்றால் சேணம் கிட்டத்தட்ட என் இடுப்புக்கே வந்துவிடுகிறது. நடுவில் ஒடுங்கிய பழைய சேணத்தை அப்பா பரணில் இருந்து எடுத்துத் தைத்து வைத்திருந்தார். தலைக்கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா கடிவாள வாரைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். பத்து நிமிடம், வெறும் நடை. இறங்குவதும் தொட்டிச் சுவரின் மேல்தான், தரைக்குக் குதிக்கவில்லை. அன்று இரவு புரண்டு படுக்கும்போது காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டேன். சத்தம் வரவில்லை.

இடையில் ஒரு தவறு செய்தேன். ஜூன் மாதம், தைரியம் வந்துவிட்டது என்று துள்ளோட்டத்தில் விட்டேன். நாலாவது துள்ளலில் பழைய ஆப்பு மறுபடி இறங்கியது. மூன்று வாரம் முழுதாக நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு அப்பா சொல்லி ரேவால் நடையில் மட்டும் போனேன். கத்தியவாரி, மார்வாரிக் குதிரைகளுக்கு வாய்த்த நடை அது. ஒரு பக்கக் கால்களைச் சேர்ந்தாற்போல எடுத்து வைத்துக் குலுங்காமல் போகும். தண்ணீர்க் குடத்தோடு உட்காரலாம் என்பார் அப்பா. முழு ஓட்டத்துக்கு நான் திரும்பியபோது மகனுக்கு ஒரு வயது முடிந்திருந்தது. அரசுப் பணியில் ஒரு வருடம் பேறுகால விடுப்பு கிடைத்ததால்தான் இவ்வளவு பொறுமையாகச் செய்ய முடிந்தது. தறியில் உட்காருகிறவளுக்கு அந்த விடுப்பை யார் கொடுப்பார்கள்?

டென்மார்க்கில் லிஸ் ஹார்ட்டெல் என்று ஒருவர் இருந்தார். 1944இல் கர்ப்பமாக இருக்கும்போது இளம்பிள்ளை வாதம் தாக்கியது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, அவருக்கு முழங்காலுக்குக் கீழே அசைவு திரும்பவில்லை. குதிரை மேல் ஏற்றிவிட ஆள் வேண்டும் என்ற நிலையில், 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வாங்கினார். குதிரை ஆசையை விடு என்று எனக்குச் சொன்னவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். என் வலி அவர் பட்டதில் நூறில் ஒரு பங்கு இருக்காது. ஆனால் ‘நீ மறுபடி என்ன செய்ய ஆசைப்படுகிறாய்’ என்று ஒரு தாயைக் கேட்க வேண்டும் என்பதை அவரை வைத்துத்தான் பலருக்கும் புரியவைக்க முடிந்தது.

நான் கேட்பது இரண்டு. மாதப் பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணியிடம் எடை, ரத்த அழுத்தம் பார்க்கும்போதே, ‘புரண்டு படுக்க முடிகிறதா, ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா’ என்று கிராம சுகாதாரச் செவிலியர் கேட்க வேண்டும். இதற்குக் கருவியோ காசோ வேண்டாம், கூச்சப்படவும் அதில் எதுவும் இல்லை. அடுத்து, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் போகும் வீடுகளின் பட்டியலில் இந்த வலியுள்ள கர்ப்பிணிகளையும் சேர்க்க வேண்டும். எனக்கு ஈரோடு போகவும் ஒவ்வொரு முறையும் 400 ரூபாய் கொடுக்கவும் வழி இருந்தது. எல்லாருக்கும் இருக்காது. தங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விகளை ஒரு கட்டம் கட்டி வெளியிட்டாலும் பெரிய உதவி.

ஜமக்காளம் நெய்கிற தங்கச்சிக்கு இப்போது இரண்டாவது பிள்ளை, ஆறாம் மாதம். வலி ஆரம்பித்துவிட்டது. ஒருமுறை வந்தவர்களுக்கு அடுத்த பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். என் பெல்ட்டைக் கொடுத்திருக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு அவளோடு நானும் போகிறேன். என்ன சொல்ல வேண்டும் என்பதை அவளுடைய அட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பவானி வட்டம், ஈரோடு மாவட்டம்.